தலைமடை அறிந்த கிளை

(திங்கட்கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

    

காவிரிப் படுகையில் பிறந்த உழவர் எவர்க்கும் தலைமடை எது, கடைமடை எது என்று கற்பிக்க வேண்டுவதில்லை. நீர் முதலில் வந்து பாயும் இடம் தலைமடை. இறுதியிற் சென்று சேரும் இடம் கடைமடை. தன் வயலில் நீர் குறைந்தால், கடைமடை உழவன் தன் வாய்க்கால் எங்கிருந்து பிரிகிறது என்று அறிந்து, கரைவழியே மேனோக்கி நடந்து, அடைப்பு எங்குளது என்று கண்டு நீக்குவான். தனக்கு எந்த மடையினின்று நீர் வருகிறது என்பதே அறியாதவன், பயிர் வாடுவதைப் பார்த்துக்கொண்டு வரப்பில் அமர்ந்திருப்பான்.

கணினிக்கு நிரல் எழுதும் இளைஞர்க்கும் இதே அறிவு வேண்டியுள்ளது. அவர்தம் பணியும் கிளை கிளையாய்ப் பிரிந்து ஓடுகிறது. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு தலைமடை உண்டு. அத் தலைமடையைக் குறித்து வைத்தலே ஆங்கிலத்தார் 'டிராக்கிங்' எனக் கூறும் செயல். 'அப்சிடிரீம்' என்று அவர் தலைமடையைக் கூறுகின்றார். ஆற்றின் மேற்பகுதி என்பதே அச்சொல்லின் பொருள். அவர் தம் ஆற்றிலிருந்து எடுத்துக்கொண்ட சொல்லைத் தமிழ் மாணவன் பொருள் விளங்காமல் உருப்போடுகின்றான். தன் ஊர் வாய்க்காலில் அச்சொல் ஓடிக்கொண்டிருப்பதை அவனுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. அதனால் விளையும் இழப்பையும், அதனைத் தீர்க்கும் வழியையும் கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

கிட்டு பிறந்த வரலாறு

ஒரு மென்பொருளை நூற்றுவர் கூடி எழுதுங்கால், யார் எந்நாளில் எவ்வரியைத் திருத்தினார், ஏன் திருத்தினார் என்பதைப் பதிந்து வைத்தல் வேண்டும். இப்பணிக்குரிய கருவிகளுள் இன்று ஞாலமெங்கும் பரவி நிற்பது ஆங்கிலத்தார் 'கிட்' என ஒலிப்பதாகும். தமிழ் ஈற்றுக்கேற்ப அதனைக் கிட்டு என்று வழங்குதல் பொருந்தும். ஆங்கிலப் பேச்சுவழக்கில் அஃது ஒரு வசைச்சொல். தமிழிலோ கிட்டுதல் என்பது நெருங்குதலாம். பிரிந்து கிடப்போரின் பணியை ஒன்றோடொன்று நெருங்கச் செய்யும் கருவிக்கு அப்பெயர் நன்கு பொருந்தியே நிற்கிறது.

இதனை முதன்முதல் எழுதியவர் இலினசு தோர்வால்டுசு. 1969-இல் பின்லாந்தின் தலைநகரான எல்சிங்கியில் பிறந்தவர். பின்னிய மொழி பேசுவோர் பெரும்பான்மையராய் வாழும் அந்நாட்டில், சிறுபான்மையர் பேசும் சுவீடிய மொழியே அவர்தம் தாய்மொழி. 1991-இல் அவர் தொடங்கிய இலினக்சு எனும் இயங்குதளக் கருநிரல் பல நாட்டார் கூடி எழுதுவதாய் வளர்ந்தது. அதன் திருத்தங்களைப் பேண 2002 முதல் பிட்கீப்பர் எனும் தனியார் கருவி ஒன்று பயன்பட்டு வந்தது. அதனை விலையின்றிக் கையாளும் உரிமை 2005-இல் நீக்கப்பட்டது. இரவற் கருவி கைவிட்டுப் போனபோது, தோர்வால்டுசு மற்றோர் இரவலைத் தேடி நிற்கவில்லை. அவ்வாண்டு ஏப்பிரல் திங்கள் தொடக்கத்தில் தாமே ஒரு கருவியை எழுதத் தொடங்கினார். சில நாள்களுக்குள் அக்கருவி தன் நிரலைத் தன்னகத்தே பேணும் அளவிற்கு வளர்ந்தது. சூலைத் திங்களில் அதனைப் பேணும் பொறுப்பு யூனியோ அமானோ எனும் சப்பானியரிடம் சென்றது.

பழைய கருவிகள் பலவற்றில் நடுவண் களஞ்சியம் ஒன்றே உண்டு. அனைவரும் அதனோடு கட்டுண்டு கிடப்பர். கிட்டுவில் அவ்வாறன்று. ஒவ்வொருவர் கணினியிலும் முழுக் களஞ்சியமும், முழு வரலாறும் இருக்கும். இலினக்சுக் கருநிரலில் பணியாற்றும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். தோர்வால்டுசின் முதன்மைக் களஞ்சியம் ஒன்று. வெளிவந்த பதிப்புகளுக்குப் பிழைதிருத்தம் மட்டும் சேர்க்கும் நிலைப்பதிப்புக் களஞ்சியம் ஒன்று. அவர் பணியாற்றும் பிரிவின் பொறுப்பாளர்க்குரிய களஞ்சியம் ஒன்று. இம்மூன்றோடும் அவர் கணினி தொடர்பு கொண்டிருக்கக் கூடும். இந்நிலையில் அவர் எழுதும் கிளை எந்தக் களஞ்சியத்தின் எந்தக் கிளையை நோக்கியது? இதனைக் கிட்டு தானே உய்த்துணர இயலாது. ஒருவர் கூறல் வேண்டும்.

மூவகைக் கிளைகள்

கற்போர் இடறி விழும் இடம் இதுவே. ஆகலின் இதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும்.

முதலாவது, தொலைவில் உள்ள வழங்கியில், பலர்க்கும் பொதுவாய் நிற்கும் கிளை. இது சேய்மைக் கிளை.

இரண்டாவது, ஒருவர் தம் கணினியில் அமைத்து, நாள்தோறும் எழுதித் திருத்தும் கிளை. இது தன் கிளை.

மூன்றாவது ஒன்று உண்டு. அதனையே பலர் அறியார். தொலைவில் உள்ள கிளை இறுதியாய்ப் பார்த்தபோது எந்நிலையில் இருந்தது என்பதைக் கிட்டு அவரவர் கணினியிலேயே குறித்து வைக்கிறது. அக்குறிப்பும் ஒரு கிளை போலவே பெயர் பெற்று நிற்கும். முன்னே சேய்மைக் களஞ்சியத்தின் பெயர், இடையே ஒரு சாய்கோடு, பின்னே கிளையின் பெயர் என அமைவது அதன் பெயர். ஒரு களஞ்சியத்தை முதன்முதல் படியெடுக்குங்கால் அதற்குக் கிட்டு தானே இடும் பெயர் 'ஆரிசின்'. தோற்றுவாய் என்பது பொருள். இம்மூன்றாம் கிளையை நிழற்கிளை எனலாம். மரம் தொலைவில் நிற்க, அதன் நிழல் மட்டும் முற்றத்தில் விழுந்து கிடப்பது போன்றது இது.

ஆங்கிலத்தில் இந்நிழற்கிளைக்கு 'ரிமோட் டிராக்கிங் பிராஞ்சு' என்று பெயர். தலைமடை குறிக்கப்பெற்ற தன் கிளைக்கோ 'டிராக்கிங் பிராஞ்சு' என்று பெயர். இரண்டும் வேறு, பெயர்களோ இரட்டைப் பிள்ளைகள் போல் தோன்றுகின்றன. ஆங்கிலமே தாய்மொழியாய் உடையாரும் இங்குத் தடுமாறுகின்றனர் எனில், தமிழ் மாணவன் தடுமாறுதல் வியப்பன்று. சேய்மைக் கிளை, தன் கிளை, நிழற்கிளை என்று தமிழிற் கூறின், எட்டாம் வகுப்பு மாணவனும் வேறுபாட்டை உணர்வான்.

நிழற்கிளையைப் பற்றி மறவாது நினைவிற் கொள்ள வேண்டுவது ஒன்றுண்டு. அது தானே நகர்வதில்லை. 'பெட்சு' எனும் கொணர்தற் கட்டளையை இட்டாலன்றித் தொலைவில் பிறர் சேர்த்தவற்றை அஃது அறியாது. மூன்று நாள்களுக்கு முன் கொணர்ந்தவர் இன்று நிலையைக் கேட்டால், மூன்று நாள்களுக்கு முந்தைய நிழலோடு ஒப்பிட்டே 'தலைமடையோடு ஒத்துள்ளது' என்று கிட்டு விடை கூறும். அவ்விடையை நம்பி, பிறர் ஒன்றும் எழுதவில்லை என்று எண்ணியிருப்பவர், தம் பணியைத் தள்ளும் நேரத்தில் மறுப்புப் பெற்று மயங்குவர். கருவியின் மேல் பிழையில்லை. நிழலை மரம் என்று கொண்டதே பிழை.

தடம்பற்றல் செய்வதும் செய்யாததும்

இனி, தன் கிளைக்குத் தலைமடை குறித்தல் எங்ஙனம் நிகழ்கிறது? களஞ்சியத்தின் அமைப்புக் கோப்பில் அக்கிளையின் பெயருக்குக் கீழ் இரண்டே வரிகள் எழுதப்படுகின்றன. எந்தச் சேய்மைக் களஞ்சியம் என்பது முதல் வரி. அங்குள்ள எந்தக் கிளை என்பது இரண்டாம் வரி. இவ்வளவே!

இவ்விரு வரிகளை எழுதுவிக்க வழிகள் நான்கு. களஞ்சியத்தைப் படியெடுக்குங்கால் தொடக்கக் கிளைக்குக் கிட்டு தானே எழுதிவிடும். நிழற்கிளையிலிருந்து புதுக்கிளை பிரிக்குங்காலும் அவ்வாறே தானாய் எழுதும். தாமே தொடங்கிய புதுக்கிளையை முதன்முதல் தொலைவுக்குத் தள்ளும்போது, 'புசு' எனும் கட்டளையோடு சிறுகோடிட்டு 'யு' எனும் ஆங்கில எழுத்தைச் சேர்த்தல் மூன்றாம் வழி. இது 2010-இல் வெளிவந்த 1.7.0 பதிப்பிலிருந்து உள்ளது. இவற்றுள் எதுவும் செய்யாது விட்டவர், பின்னர்த் தனிக்கட்டளை ஒன்றால் குறித்துக்கொள்ளலாம். தவறாகக் குறித்திருப்பின் அதே கட்டளையால் மாற்றலாம். வேண்டாவெனின் நீக்கலும் ஆம்.

தலைமடை குறிக்கப்பெற்ற பின்னர்க் களஞ்சியத்தின் பெயரையும் கிளையின் பெயரையும் ஒவ்வொரு முறையும் கூற வேண்டுவதில்லை. இழுத்தற் கட்டளையை இட்டால் எங்கிருந்து இழுப்பது என்பதைக் கிட்டு அறியும். நிலையைக் கேட்டால், 'மூன்று பதிவுகள் முன்னே, இரண்டு பதிவுகள் பின்னே' என்று கணக்குக் கூறும். முன்னே என்பன இவர் எழுதித் தலைமடைக்கு இன்னும் சேராதவை. பின்னே என்பன பிறர் எழுதி இவர் கிளைக்கு இன்னும் வாராதவை. இரண்டும் இருப்பின் கிளைகள் பிரிந்து விட்டன. கூடியிருந்து இணைத்தல் வேண்டும். குறிக்கப்பெறாத கிளையில் நின்று வெறுமனே இழுக்கச் சொன்னால், இக்கிளைக்குத் தலைமடை யாதென்று கூறப்படவில்லை என்று கிட்டு கைவிரித்து விடும். அச்செய்தியை ஆங்கிலத்திற் கண்டு அஞ்சி, அத்தனையும் அழித்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து படியெடுக்கும் இளைஞர் பலர். அரைநாள் உழைப்பு அதனாற் பாழாகும். தள்ளப்படாதிருந்த பதிவுகளும் அதனோடு போகும்.

ஆயின், தடம்பற்றல் செய்யாதது யாது என்பதையும் அறிதல் வேண்டும். அது நீரைக் கொணர்வதில்லை. தலைமடையில் பிறர் எழுதியது இவர் கிளைக்குள் தானே வந்து புகாது. இவர் எழுதியது தானே அங்குச் செல்லாது. மேலும், அவ்விரு வரிகளும் எழுதியவர் கணினியிலேயே கிடக்கும். நண்பர்க்குத் தள்ளப்படும் பதிவுகளோடு அவை செல்லா. தத்தம் தலைமடையை அவரவரே குறித்துக்கொள்ளல் வேண்டும்.

இங்கேதான் சொற்றேர்வு இன்றியமையாததாகிறது. 'டிராக்கிங்' என்பதற்குக் கண்காணிப்பு என்று ஒருவர் எழுதினால், யாரோ ஒருவர் பணியை யாரோ ஒருவர் உளவு பார்ப்பதாக மாணவன் கருதுவான். பின்பற்றல் என்று எழுதினால், முன்னது நகருந்தோறும் பின்னதும் தானே நகரும் என்று எண்ணி ஏமாறுவான். தடம்பற்றல் என்பது அச் செயலுக்கு அளவாய்ப் பொருந்துகிறது. தடம் அறிந்தவன் முன்சென்றவன் எவ்வழிச் சென்றான், எத்துணைத் தொலைவு சென்றான் என அறிவான்; அவ்வழி நடப்பதும் நில்லுவதும் அவன் விருப்பம்.

தமிழ்ப் புலவர்க்கு இது புதிய செய்தியும் அன்று. ஏட்டுச் சுவடியைப் படியெடுத்தவர், எந்த மூலச் சுவடியைப் பார்த்து எழுதினார் என்பதைக் குறியாது விட்டமையால், பின்வந்த பதிப்பாசிரியர் பட்ட பாடு பெரிது. 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி.வை. தாமோதரனாரும், 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதரும் ஏடு ஏடாய் ஒப்பிட்டுப் பாட வேறுபாடு கண்டனர். மூலம் இன்னதென ஒரு வரி எழுதியிருப்பின் எத்துணை உழைப்பு மிஞ்சியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சொல்லொழுங்கின்மையால் விளைந்த கேடு

சொல்லில் என்ன இருக்கிறது, பொருள் விளங்கினாற் போதாதா என்று கூறுவார் இவ்வவையிலும் இருத்தல் கூடும். அவர்க்குக் கிட்டுவின் வரலாறே விடை கூறும்.

தலைமடை குறித்தற்கென்று முன்பு ஒரு கட்டளைக் குறி இருந்தது. தலைமடையை அமை என்பதே அதன் சொற்பொருள். அக்குறிக்குப் பின் தலைமடையின் பெயரை எழுதினால் போதும் என்றே படிப்பவர் எவரும் கருதுவர். கிட்டு அதனை வேறாகக் கொண்டது. பின்னே எழுதிய பெயரைத் தலைமடையாகக் கொள்ளாமல், தலைமடை தேடும் கிளையாகக் கொண்டது. எனவே நிழற்கிளையின் பெயரை ஒருவர் எழுதினால், அதே பெயரில் தன் கிளை ஒன்று புதிதாய்ப் பிறந்து, அவர் அப்போது நின்ற கிளையைத் தனக்குத் தலைமடையாகக் கொண்டு நின்றது. கடைமடைக்குத் தலைமடை பாய்ந்த கதையாயிற்று! 2012-இல் வெளிவந்த 1.8.0 பதிப்பில் அக்குறி விலக்கத் தக்கதென அறிவிக்கப்பட்டு, 'இதற்கு' எனும் வேற்றுமைப் பொருள் தரும் சிறுசொல் ஒன்று இறுதியிற் சேர்ந்த புதுக்குறி அமைக்கப்பட்டது. பழங்குறி 2017-இல் முற்றும் நீக்கப்பட்டது. நான்காம் வேற்றுமை உருபு ஒன்று இல்லாக் குறையை நீக்கப் பல்லாண்டுகள் ஆயின. இலக்கணம் எற்றுக்கு என்பார் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

மற்றொன்று. 2014-இல் 2.0 பதிப்பு வருமுன், வெறுமனே தள்ளு என்று கட்டளையிட்டால், தொலைவில் ஒத்த பெயருள்ள கிளைகள் அனைத்தையும் கிட்டு ஒருசேரத் தள்ளியது. எழுதி முடியாத அரைவேலையும் அதனோடு பொதுக்களஞ்சியம் சென்றது. வலிந்து தள்ளும் குறியை ஒருவர் சேர்த்துவிட்டால், அவர் மறந்து கிடந்த பழங்கிளைகளும் போய், பிறர் பதிவுகளை அங்கிருந்து விலக்கித் தாம் அமர்ந்தன. 2.0 முதல் அவ்வியல்பு மாற்றப்பட்டது. நிற்கும் கிளை ஒன்றே, தன் தலைமடைக்கே தள்ளப்படும். இரண்டின் பெயரும் ஒவ்வாவிடின், அல்லது தலைமடையே குறிக்கப்படாவிடின், கிட்டு மறுத்து நிற்கும். அம்மறுப்பு தொல்லையன்று, காப்பு. 2022-இல் வந்த 2.37 பதிப்பில், புதுக்கிளையை முதன்முதல் தள்ளுங்கால் தலைமடையைத் தானே குறித்துக்கொள்ளும் ஓர் அமைப்பும் சேர்க்கப்பட்டது; வேண்டுவோர் அதனை இயக்கிக்கொள்ளலாம்.

தமிழில் ஆற்ற வேண்டிய பணி

கட்டளைச் சொற்கள் ஆங்கிலமாயிற்றே, அவற்றை என் செய்வது என்று சிலர் வினவுவர். கட்டளை என்பது பொறிக்குக் கொடுக்கும் குறி. அக்குறியை அவ்வாறே இடுவதால் தமிழ் கெட்டுவிடாது. குறியின் பொருளை எம்மொழியிற் சிந்திக்கிறான் என்பதே வினா.

குறியல்லாத இடங்களில் தமிழுக்குத் தடையில்லை என்பதைத் தமிழரிற் பலர் அறிந்திலர். கிளையின் பெயரைத் தமிழெழுத்தில் இடலாம். இடையே வெற்றிடம் விடாமல் எழுதினால் கிட்டு ஏற்றுக்கொள்ளும். ஒவ்வொரு பதிவுக்கும் எழுதும் விளக்கக் குறிப்பையும் நல்ல தமிழில் எழுதலாம். தமிழ்ப் பெயரிட்ட கோப்புகளை நிலையறிக்கையில் எண்களும் கோடுகளுமாய்க் கிட்டு சிதைத்துக் காட்டும். அதனைக் கண்டு, தமிழ் இதற்கு ஆகாது என்று முடிவு கட்டிவிடுகின்றனர். பெயரை மேற்கோளிட்டு மறைக்கும் அமைப்பு ஒன்று அங்குளது. அதனை அணைத்து விட்டால் தமிழெழுத்து தன் முகத்தோடு தோன்றும்.

கிட்டு பயனர்க்குக் கூறும் செய்திகளைப் பிற மொழிகளிற் பெயர்க்கும் ஏந்து 2012-இல் வெளிவந்த 1.7.9 பதிப்பிலேயே அமைந்தது. சுவீடியம், செருமானியம், பிரெஞ்சு, பல்கேரியம், வியத்துநாமியம், சீனம் முதலிய மொழிகளுக்குரியார் உழைத்துத் தத்தம் மொழியில் அச்செய்திகளை அமைத்துக்கொண்டனர். ஏறத்தாழ ஒருகோடியர் பேசும் சுவீடியத்திற்கு இயன்றது, ஏழு கோடிக்கு மேற்பட்டார் பேசும் தமிழுக்கு இயலாது என்று கூறுவது நாணத் தக்கது.

ஆயின் தமிழன்பர் தம்மையும் கடிந்துகொள்ள வேண்டிய இடம் ஒன்றுண்டு. ஒரு பொருளுக்கு ஐவர் ஐந்து சொற்களைப் படைத்து, ஒருவர் சொல்லை மற்றவர் ஏலாது நிற்றல் இவ்வியக்கத்தில் நேர்ந்துவரும் நோய். மென்பொருட் செய்தியில் இந்நோய் கொல்லும் தன்மையது. ஒரு செய்தியில் தலைமடை என்றும், அடுத்ததில் மேலோட்டம் என்றும், வேறொன்றில் மூலக்கிளை என்றும் வந்தால், மூன்றும் மூன்று பொருள்கள் என்றே பயனர் கொள்வர். அவர்க்கு அதனினும் ஆங்கிலமே மேலெனத் தோன்றும்; அப்பழி தமிழின் மேல் விழும். 1938-இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொற்களை நூலாக வெளியிட்டபோது, அறிஞர் பலர் கூடி ஆய்ந்தே சொற்களை வரையறுத்தனர். அவ்வொழுங்கு மீண்டும் வேண்டும். சொற்பட்டி முதலில், மொழிபெயர்ப்பு அதன் பின்னரே. தலைமடை என்பதினும் சிறந்த சொல் ஒன்று அவையில் வெளிப்படின் அதனையே அனைவரும் ஏற்றல் வேண்டும். ஏற்றபின் யாண்டும் அதனையே ஆளுதல் வேண்டும்.

அப்பணியில் இறங்கும் இளைஞர்க்கு இவ்வுரையின் முதற்பாடம் உடனே கைகொடுக்கும். மொழிக்குழுவினர் அனுப்புவனவற்றை ஒருங்கிணைப்பாளர் ஒருவர் தம் களஞ்சியத்தில் திரட்டி, முதன்மைக் களஞ்சியத்துக்குச் சேர்ப்பிக்கின்றார். எனவே தமிழ்மொழிபெயர்ப்பாளர் அக்களஞ்சியத்தைப் படியெடுத்து, தம் கிளைக்கு அதன் கிளையைத் தலைமடையாகக் குறித்தல் வேண்டும். எழுதத் தொடங்குமுன் நாள்தோறும் கொணர்தல் வேண்டும். முன்னே எத்தனை, பின்னே எத்தனை என்று பார்த்தல் வேண்டும். பின்னே உள்ளவற்றைத் தம் கிளையில் இணைத்த பின்னரே தம் பணியை விடுத்தல் வேண்டும். இவ்வொழுங்கு தவறினால், பழம்பதிப்பின் செய்திகளையே திங்கட்கணக்கில் மொழிபெயர்த்துக் கொண்டிருக்க நேரும். உழைப்பு முழுதும் கடைமடை காணாத நீராய் மணலில் வற்றும்.

இக்கூட்டத்திற்கு வந்துள்ள இளைஞர்களுள் கணினி வைத்திருப்போர் இன்றிரவே ஒன்று செய்யுங்கள். உங்கள் களஞ்சியத்தைத் திறந்து, ஒவ்வொரு கிளைக்கும் தலைமடை எதுவென்று பாருங்கள். கிளையைப் பட்டியலிடும் கட்டளையோடு 'வி' எனும் எழுத்தை இருமுறை சேர்த்தால் அது புலப்படும். இல்லாதவற்றுக்குக் குறியுங்கள். பிழையாய் உள்ளவற்றைத் திருத்துங்கள். பின்னர், நீங்கள் அறிந்ததைப் பக்கத்து வீட்டு மாணவனுக்குத் தமிழிலேயே, வாய்க்காலைக் காட்டியே, கூறுங்கள். அவன் புரிந்துகொள்ளும் விரைவைக் கண்டு நீங்களே வியப்பீர்கள்.



வெல்க தமிழ்!